நான் புரிந்துகொண்டது சரியா?

கச்சிராயபாளையம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள செல்வி,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் கடிதம். இதுவரை யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. எப்படி மடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அன்று நாடகம் முடிந்ததும் உன்னைத் தேடினேன். சாயங்காலம் வெள்ளிமலை பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. நீ உட்காரும் சீட். கண்டக்டர் கேட்டார்: "இன்னாம்மா, மலைப் பொண்ணு மதியம் வண்டியிலயே ஏறிப் போயிடுச்சே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

தெரியாது என்றேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நீ கல்லூரிக்கு வரவேயில்லை. மணிமொழி மேடம் தினமும் கேட்கிறார். வழிகாட்டித் திட்டத்தில் எனக்குக் கொடுத்த முதலாண்டு பிள்ளைகள் ஆறு பேர். ஒருவர் வராவிட்டால் வழிகாட்டியைத்தான் கேட்பார்கள். அதற்காக எழுதவில்லை.

நாடகம் பிடிக்கவில்லையா? வழிகாட்டிகள் போட்டதில் எங்களுடையதற்குத்தான் முதல் பரிசு. நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். எல்லோரும் சிரித்தபோது நீயும் சிரித்தாய். கை தட்டினாய். மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன்.

வருகைப் பதிவு குறைந்தால் டிசம்பரில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். உனக்குத் தெரியும்.

புத்தி சொல்லாதே, கேள் என்று பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். கேட்கிறேன். என்ன நடந்தது?

உன் தோழமை வழிகாட்டி,
எழில்மதி


கரியாலூர்
22 அக்டோபர் 2025

எழில்மதி அக்கா,

உங்களை அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உள்ளே சிரிப்பு வரும். பல்லடத்தில் மூன்று வருஷம் மில்லில் நின்றுவிட்டுத்தான் காலேஜில் சேர்ந்தேன். உங்களைவிட மூத்தவள். ஆனால் ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவர் அக்கா. அங்கே அதுதான் வழக்கம். நான் மீறவில்லை.

போன் இப்போது அண்ணனிடம். மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறான். எங்கள் வீட்டுப் பக்கம் டவரும் கிடையாது.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். பாதியை நீங்களே மேடையில் போட்டீர்கள். மீதி இது.

கை தட்டி முடிந்து எழுந்து வந்தோம். குழாயடியில் சுபாஷ் நின்றிருந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் குடிக்கவில்லை.

"நாடகத்துல வந்த அந்த மலைப் பொண்ணு நீதானே?"

நான் நகரப் பார்த்தேன்.

"அந்தப் பையன் நானு. எங்கப்பா செத்த கதய எழில்மதி அக்காகிட்ட மட்டுந்தான் சொல்லிக்கீறேன். அப்ப இன்னொருத்தி யாரு? நீதானே?"

குழாயை மூடினான்.

"உங்கப்பா காய்ச்சினதத்தான் எங்கப்பா குடிச்சாரா?"

"தெரியல" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரியாது. போன வருஷம் ஜூனில் டவுனில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தார்கள். பிறகு மலையில் ஊறல் போட்டவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கப்பாவையும். யார் காய்ச்சிய கேன் எந்தத் தெருவுக்குப் போனது என்று யார் சொல்வது?

சுபாஷ்தான் எனக்கு முன் பெஞ்சில் இடம் பிடித்து வைப்பான். நான் கொண்டுபோகும் சாமைச் சோற்றில் பாதி அவனுக்கு. நான் யார் மகள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்.

செந்தமிழ்ச்செல்வி


கச்சிராயபாளையம்
28 அக்டோபர் 2025

செல்வி,

உன் கடிதத்தை அம்மா பிரிப்பதற்கு முன் வாங்கிவிட்டேன்.

பெயர்களை மாற்றினேன். உன்னை மலர் என்று வைத்தேன். அவனை ரவி என்று. எந்த ஊர் என்று ஓரிடத்திலும் வராது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. நான் சொல்லவில்லை.

இப்படி எழுதும்போது எனக்கே கேட்கிறது, யாரோ வக்கீல் பேசுகிற மாதிரி.

நீங்கள் இரண்டு பேரும் கேன்டீன் சுவரோரம் ஒரே டப்பாவில் சாப்பிடுவதைப் பார்த்தேன். ஒருநாள் இல்லை, பல நாள். ஒவ்வொரு தடவையும் அதே நினைப்பு. என்றைக்காவது இவர்களுக்குத் தெரியப் போகிறது. தெரியும் நாளில் என்ன பேசுவார்கள்? அந்த நாளுக்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம் என்று நினைத்தேன். ரவி மலரின் கையைப் பிடித்து, "தப்பு உங்க அப்பாவோடது. உன்னோடது இல்ல" என்பான். அதை எத்தனை தடவை அடித்து அடித்து எழுதினேன் தெரியுமா. அந்த இடத்தில்தான் ஹாலே எழுந்து நின்றது.

உங்களுக்காகத்தான் எழுதினேன். பரிசு அதற்குப் பிறகு வந்தது.

சுபாஷ் என்னிடமும் பேசுவதில்லை. வழிகாட்டிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். "வேற ஆள வச்சி நடிச்சிக்கோங்க" என்றான். எல்லோர் முன்னாலும்.

நேற்று அப்பா சொன்னார்: "மலைக்காரப் புள்ளைங்க அப்பிடித்தான். ஒரு தீவாளிக்கு மேல போச்சின்னா கீழ எறங்காதுங்க." உனக்காக அவரோடு சண்டை போட்டேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

வந்துவிடு. வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

எழில்மதி


கரியாலூர்
5 நவம்பர் 2025

அக்கா,

எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வரும் பெண் நான் ஒருத்திதான். மலர் என்று வைத்தால் என்ன, மல்லிகை என்று வைத்தால் என்ன.

உங்களிடம் ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். அன்று மழை. பஸ் ஊர்ந்து போனது. கச்சிராயபாளையம் வந்தது, உங்கள் ஸ்டாப். நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் இறங்கவில்லை. அணை தாண்டி, மலையடி வரைக்கும் என்னோடு வந்தீர்கள். அதனால்தான் சொன்னேன்.

நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னீர்கள். "நீ சொல்ல வர்றது, அப்பாவ நெனச்சா கோவமும் வருது, பாவமாவும் இருக்குது. நான் புரிஞ்சிக்கினது சரியா?" அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னாக்கா, கிளி மாரி என்றேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றீர்கள்.

பிறகு அது எனக்குப் பிடித்துவிட்டது. நான் கொடுத்த வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார், தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

மேடையில் இளமாறன் எங்கப்பாவாக வந்தான். லுங்கியை மடித்துக் கட்டி, வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி. ஹாலே அதிர்ந்தது. எங்கப்பா குடிக்க மாட்டார் அக்கா. காய்ச்சிய காலத்திலும் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. உங்களிடம் சொல்லியிருக்கிறேன். தள்ளாடினால்தான் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டீர்கள்.

நானும் சிரித்தேன். நான் ஒருத்தி சிரிக்காமல் இருந்தால் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்?

கடைசியில் ரவி கை கொடுத்ததும் மலர் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். எதற்கு? அதைத்தான் இங்கே களை பிடுங்கும்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. என்னைச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

உளுந்தூர்பேட்டையில் மற்ற காலேஜ் பிள்ளைகள் முன்னால் இந்த நாடகத்தைப் போடப் போகிறீர்களாமே. வெள்ளிமலையிலிருந்து வரும் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் சொன்னான்.

நிறுத்துங்கள். நிறுத்தியாயிற்று என்று ஒரு வரி எழுதினால் போதும், மறுநாள் முதல் பஸ்ஸில் வருகிறேன். எனக்கும் பரீட்சை எழுத வேண்டும். மூன்று வருஷம் மில்லில் நின்றது அதற்குத்தான்.

செல்வி


கச்சிராயபாளையம்
17 நவம்பர் 2025

செல்வி,

ஞாயிற்றுக்கிழமை கரியாலூர் வந்தேன். உனக்குத் தெரியும். உங்கள் அம்மா வாசலிலேயே நின்றார். "செல்வி இல்லம்மா. காட்டுக்குப் போய்க்கீது. எப்ப வரும்னு சொல்ல முடியாது." மரியாதையாகத்தான் பேசினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உன் நீலச் செருப்பு வாசலில் கிடந்தது. நீ செருப்பில்லாமல் காட்டுக்குப் போவாய் என்று நம்பிக்கொண்டே பஸ் ஏறினேன்.

மேடத்திடம் பேசினேன். நிறுத்த வேண்டும் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது ஒருத்தரோட கதையா? மலையில எத்தனை வூட்ல இந்தக் கஷ்டம் இருக்கு? நாம பேசலன்னா யாரு பேசுவா?" அந்தக் கேள்வி நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாற்றங்கள் செய்திருக்கிறேன். மலர் இனி மலைப் பெண் இல்லை. வெறும் கிராமத்துப் பெண். அப்பா பாத்திரம் தள்ளாடாது. கேன் கிடையாது. நன்றி சொல்லும் இடத்தை எடுத்துவிட்டேன், அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

இது போதாது என்று நீ சொல்வாய். எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன். இது போதுமா?

எழில்மதி


கரியாலூர்
26 நவம்பர் 2025

அக்கா,

நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். அம்மா பொய் சொன்னது எனக்காக.

சனிக்கிழமை சுபாஷ் வந்திருந்தான். எழில்மதி அக்கா அனுப்பினார்களா என்று கேட்டேன். "அந்தக்கா பேச்ச எடுக்காத" என்றான். எங்கப்பா எங்கே என்று கேட்டான். அப்பா ஜாமீனில் வந்ததிலிருந்து கொட்டகைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார். கூட்டிக்கொண்டு போனேன்.

என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டான்.

அப்பா தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "தெரியல தம்பி. நான் வெல்லமும் பட்டையும் போட்டுத்தான் காய்ச்சினேன். வேற ஒண்ணும் சேக்கல. கேனு கீழ எறங்குனப்புறம் எவன் இன்னா கலந்தானோ. என்து இல்லன்னும் சொல்ல முடியல, என்துதான்னும் சொல்ல முடியல."

சுபாஷ் சொன்னான்: "கடைசில எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியல. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிக்கினே, யாருப்பா நீன்னு கேட்டாரு."

அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அம்மா சாமைச் சோறு வைத்தார். "துன்னுட்டுப் போப்பா, தொலவு வந்துகீற." சாப்பிட்டான். பாதியில் கை கழுவிவிட்டான். வாசலில் நின்றோம். நீங்கள் எழுதியிருந்தால் அந்த இடத்தில் கை கொடுத்திருப்பான். கொடுக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றான். போனான். அவ்வளவுதான். ஆனால் வந்தான். தானாக வந்தான்.

அன்றுதான் தோன்றியது: நாங்கள் இதை ஒருநாள் எங்கள் பாட்டுக்கு, தப்பும் தவறுமாகப் பேசியிருப்போம். அந்த முதல் பேச்சு எங்களுடையது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நிறுத்துங்கள் என்றேன், திருத்துங்கள் என்று சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தையும் நாடகமாக எழுதிவிடாதீர்கள்.

செல்வி


கச்சிராயபாளையம்
4 டிசம்பர் 2025

செல்வி,

நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, உளுந்தூர்பேட்டையில்.

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பிறகுதான் வந்தது என்று எழுதலாம் என்று இருந்தேன். இல்லை, திங்கட்கிழமை வந்தது. படித்தேன். பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

நான் ஒருத்தி வரமாட்டேன் என்றால் நடிக்கிறவர்களின் உழைப்பு வீண். வேன் பேசியாயிற்று. மேடம் அந்தக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது இளமாறன், "மலைப் பொண்ணுன்னா இருக்கற எஃபெக்ட்டு சும்மா கிராமத்துப் பொண்ணுன்னா இல்லியேக்கா" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மறுபடி மலர் மலைப் பெண் ஆகிவிட்டாள். கேனும் வேனில் ஏறியது.

மைக்கில் முதல் வாக்கியம் என்னுடையது. "இது யாருடைய கதையும் அல்ல."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். அதிலிருந்து எனக்கு என்னைக் கண்டால் பயமாக இருக்கிறது.

கேடயம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் முதன்மை வழிகாட்டியாக என் பெயரைச் சொல்லப் போவதாக மேடம் சொன்னார். ஆனால் என் ஆறு பேரில் ஒருவரும் இடையில் நின்றிருக்கக் கூடாதாம்.

இதையும் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன்.

மருத்துவச் சான்றிதழ் வாங்கினால் வருகைக் குறைவைச் சரிசெய்துவிடலாம், மேடமே கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்கிறார். பதினைந்தாம் தேதி முதல் பரீட்சை. வா, செல்வி. என்னோடு பேச வேண்டாம். என் பக்கத்தில் உட்கார வேண்டாம். பரீட்சையை மட்டும் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்காகத்தான் சொல்கிறேன்.

எழில்மதி


கரியாலூர்
22 டிசம்பர் 2025

எழிலு,

பரீட்சை தொடங்கிய அன்று முதல் பஸ் வரும் சத்தம் கேட்டது. வாசல் வரைக்கும் வந்தேன். ஹாரன் அடித்தான். பிறகு போய்விட்டது.

மலைக்கு இன்னொரு பக்கமும் இறக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் இறங்கினால் ஆத்தூர். ஜூன் மாதம் அங்கே ஒரு காலேஜில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து சேரப் போகிறேன். அதுவரை மில்லுக்குப் போகிறேன். பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

அங்கேயும் என்னைவிடச் சின்னவளாக ஒரு அக்கா வழிகாட்டி பேட்ஜ் குத்திக்கொண்டு வருவாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பாள். செத்துவிட்டார் என்று சொல்லப் போகிறேன். அப்பாவிடமே இதைச் சொன்னேன். மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பிடியே சொல்லிடும்மா" என்றார்.

உன்னிடம் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். உனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி திருப்பிச் சொல்கிறேன். புத்தி சொல்ல மாட்டேன்.

நீ சொல்ல வருவது: நீ நல்லவள். நல்லவள் என்று நான் வந்து சொல்ல வேண்டும்.

நீ சொல்ல வருவது: எங்கள் துயரம் உனக்கு உண்மையாகவே வலித்தது. வலித்ததால் அது உன்னுடையது என்று நினைத்துவிட்டாய்.

நீ சொல்ல வருவது: அப்பாவோடு எனக்காகச் சண்டை போட்டாய், மேடத்திடம் போட முடியவில்லை. அப்பா பரிசு தர மாட்டார்.

நீ சொல்ல வருவது: நான் வந்து பரீட்சை எழுதினால் உனக்குச் சோறு இறங்கும். ஆறு பேரும் ஆறு பேராக இருப்போம்.

நீ சொல்ல வருவது: மழை நாளில் உன் ஸ்டாப்பில் இறங்காமல் என்னோடு வந்தாயே, அதுவும் உண்மை. அதை நான் மறந்துவிடக் கூடாது. மறக்கவில்லை. அதனால்தான் இத்தனை கடிதத்துக்குப் பதில் எழுதினேன்.

நான் புரிந்துகொண்டது சரியா?

செந்தமிழ்ச்செல்வி


கச்சிராயபாளையம்
3 ஜனவரி 2026

செல்வி அக்கா,

நீங்கள் புரிந்துகொண்டது சரி.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஜூனில் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க விருப்பமா என்று நேற்று மேடம் கூட்டத்தில் கேட்டார். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

எழில்மதி